ஏஐ டாக்டர் பரீட்சை பாஸ், இனி ஆஸ்பத்திரி வேண்டாமா?

"ஏஐ டாக்டர் பரீட்சையே பாஸ் பண்ணிருச்சுங்க. இனி ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், போன்லயே கேட்டுக்கங்க" என்று ஈரோடு, கோபி பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது.

முதல் பாதி ஓரளவு சரி. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வு வினாக்களில் சாட்ஜிபிடி என்ற ஏஐ செயலி தேர்ச்சி அளவை ஒட்டி வந்ததாக 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. இரண்டாம் பாதி தவறு, ஆபத்தும்கூட.

ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் 1,298 பேரை வைத்துச் சோதித்தார்கள். நோயாளியின் விவரத்தை முழுதாகக் கொடுத்தபோது ஏஐ சுமார் 95 சதவீதம் நோயைச் சரியாகச் சொன்னது. அதே ஏஐயிடம் சாதாரண மக்கள் பேசிக் கேட்டபோது, 35 சதவீதத்துக்கும் குறைவாகவே சரியாகக் கண்டுபிடித்தார்கள். ஏஐ இல்லாமல் வழக்கம்போலத் தேடியவர்களைவிட அவர்கள் மேலாகச் செய்யவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பரீட்சைத் தாளில் அறிகுறி எல்லாம் எழுதியே இருக்கும். நாம் "நெஞ்சு கரிக்குதுங்க" என்பதோடு நிறுத்திவிடுவோம். வியர்க்கிறதா, இடது கை வலிக்கிறதா என்று டாக்டர்தான் துருவிக் கேட்பார். அப்புறம், ஏஐ நாலைந்து நோயைச் சொன்னால் எது நமக்கு என்று நமக்கே தெரியாது.

2025 ஏப்ரலில் வந்த அந்த ஆக்ஸ்போர்டு ஆய்வை, ஆய்வுக் கட்டுரைகள் வெளியாகும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், முக்கியமாக வயதானவர்களுக்கு. உடம்பு பற்றிய சந்தேகத்துக்கு 104, அவசரம் என்றால் 108.