கொடையைக் கோடையாக்கிய மானிட்டர்

தக்கலையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, அடியந்திர அட்டை, சர்ச் திருவிழா, அம்மன் கோயில் கொடை (எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாவுக்கு அதுதான் பெயர்) என்று எல்லா நோட்டீசும் அடிக்கிறவள். பத்தொன்பது வருசமாக எழுத்தைப் பார்த்துத்தான் சோறு. அப்படிப்பட்ட என் கண்ணையே ஏமாற்றுகிற ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கி, நாகர்கோவில் வடசேரியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் வேறு கிழித்தார். அந்த வெப்ராளத்தைக் கொட்டாமல் இன்றைக்கு உறக்கம் வராது.

பழைய மானிட்டர் 22 இன்ச். ஏ3 தாளை முழுதாகத் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். வயசு நாற்பத்தாறு ஆகிவிட்டது, பெருசாக ஒன்று வாங்கலாம் என்று நாகர்கோவிலுக்குப் போனேன். கடையில் நின்ற பையன் முதலில் கேட்டதே, "சார் வரலியாக்கா?" சார் எதற்கு? கம்ப்யூட்டரில் உட்காருவது நான். சரி, அது தனிக் கதை. "32 இன்ச்சு இருக்குக்கா, ஃபுல் எச்டி" என்றான். ரெசல்யூஷன் எவ்வளவு தம்பி, திரையில் எத்தனை ஒளிப்புள்ளி என்றேன். "அதான்கா, ஃபுல் எச்டி. ஃபுல்லு." அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் இல்லை. 'ஃபுல்' என்றால் நிறைவு என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

அந்த ஃபுல்லின் லட்சணம் இதுதான்: குறுக்கே 1920 புள்ளி, மேலிருந்து கீழே 1080 புள்ளி. என் பழைய 22 இன்ச்சிலும் இதே 1920, இதே 1080! ஒரு புள்ளி கூடவில்லை. இருபது சென்ட்டில் நட்ட வாழைக்கன்றைப் பிடுங்கி நாற்பது சென்ட்டில் அகல அகல நட்டுவிட்டு, "பார், தோட்டம் பெருசாயிட்டு" என்றால் எப்படி இருக்கும்? அதுதான் இது. ஒரு இன்ச் நீளத்துக்கு எத்தனை புள்ளி என்று கணக்குப் போட்டால், பழையதில் 100 வருகிறது. புதியதில் 69. ஒவ்வொரு புள்ளியும் 0.37 மில்லிமீட்டர். இரண்டடி தள்ளி உட்கார்ந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணில் உறுத்தும்.

இங்கிலீஷ் எழுத்து இந்தக் கொடுமையை எப்படியோ தாங்கிக்கொள்ளும். நம் எழுத்துக்கு அது முடியாது. ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி மேல் வரியோடு கலந்துவிடும். ஒத்தைக்கொம்புக்கும் ரெட்டைக்கொம்புக்கும் உள்ள வித்தியாசம் தலையில் ஒரே ஒரு சுழி. முழு ஏ3 தாளும் திரையில் தெரியும்போது, உள்ளே இருக்கும் சின்ன எழுத்துக்கு மொத்த உயரமே எட்டு ஒன்பது புள்ளிதான். அதில் சுழிக்கு எங்கே இடம்?

நடந்தது அதுதான். ஒரு கோயில் நோட்டீஸ். மேலே பெரிய எழுத்தில் 'கொடை விழா' சரியாக இருக்கிறது. உள்ளே நிகழ்ச்சி நிரலில், உச்சிகால பூஜைக்கும் வில்லிசைக்கும் நடுவே, மூன்று இடத்தில் 'கோடை விழா'. நான் இரண்டு தடவை வாசித்தேன், கமிட்டிக்காரர் ஒருவர் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். யார் கண்ணிலும் படவில்லை. இரண்டாயிரம் நோட்டீஸ் அச்சாகிப் போன பிறகு ஒரு பொடியன் வந்து நிற்கிறான்: "எக்கா, கோடை விழான்னு போட்டிருக்கியளே, நொங்கு குடுப்பாவளா?" மறு அச்சு என் கைக்காசில்.

பெரிதாக்கிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பெரிதாக்கிப் பார்ப்பதற்கு எனக்கு எதற்கு 32 இன்ச்? அந்த வேலையை 22 இன்ச்சிலேயே செய்துகொண்டுதானே இருந்தேன்! முழுத் தாளையும் ஒரே பார்வையில் வாசிக்கத்தானே பெருசு வாங்கினேன்?

கடைக்குத் திரும்பப் போனால், "கரும்புள்ளி ஏதும் இருக்காக்கா? இல்லேல்லா? அப்போ கம்ப்ளெயின்ட் இல்ல" என்று கைவிரித்துவிட்டார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு மேதாவி, "ரெசல்யூஷனைக் கொறச்சு வையுங்க, எழுத்து பெருசாவும்" என்றார். எழுத்து பெருசாகும், சரி, கூடவே பஞ்சுமிட்டாய் மாதிரி ஊதியும் போகும். எல்சிடி திரையில் புள்ளிகள் பதித்து வைத்தவை. அதன் சொந்த எண்ணிக்கையை விட்டு வேறு எதை வைத்தாலும் கலங்கல்தான். எழுத்தைப் பெரிதாக்க விண்டோஸில் ஸ்கேலிங் என்று தனியாக இருக்கிறது. அதை மாற்ற வேண்டும், ரெசல்யூஷனைத் தொடவே கூடாது. இதை ஒரு கடையில் ஒருவராவது சொல்கிறாரா?

பெட்டியில் ஒட்டுகிற சீட்டுகள் அடுத்த மோசடி. 2560க்கு 1440 உள்ளதை '2கே' என்கிறார்கள். சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற 2கே 2048க்கு 1080. '4கே சப்போர்ட்' என்று போட்டிருந்தால் அது 4கே திரை என்று அர்த்தம் இல்லை. 4கே படத்தை உள்ளே வாங்கி, இருக்கிற 1080-க்குள் அமுக்கிக் காட்டும், அவ்வளவுதான். இன்ச்சை மட்டும் பனை உயரத்துக்கு எழுதுகிறவர்கள், இன்ச்சுக்கு எத்தனை புள்ளி என்பதை எங்கேயும் எழுதுவதில்லை. எழுதினால் விற்காதே!

அப்புறம் கடனோடு கடனாக 32 இன்ச்சிலேயே 4கே வாங்கினேன். 3840க்கு 2160, இன்ச்சுக்கு 138 புள்ளி. அதோடு தீர்ந்ததா? மாட்டியதும் மவுஸ் அம்பு சேற்றில் இறங்கிய எருமை மாதிரி நகர்கிறது. என் கம்ப்யூட்டர் பழசு, திரைக்குப் படம் அனுப்புகிற துளை எச்டிஎம்ஐ 1.4. அது 4கே படத்தை நொடிக்கு 30 தடவைதான் அனுப்பும். 60 வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், இல்லையென்றால் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகைத் துளை, அதுவும் 1.2-ஆவது இருக்க வேண்டும். இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகு மருமகன் வந்து கேபினெட்டைத் திருப்பினான். பின்னால் ஒரு டிஸ்ப்ளேபோர்ட் துளை, சிலந்திவலையோடு சும்மா கிடக்கிறது. "அத்தே, இது இங்கதானே இருக்கு!" அந்த நேரம் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஸ்கேலிங்கை 150 சதவீதத்தில் வைத்தேன். பழைய டிடிபி சாஃப்ட்வேர் ஒன்று மட்டும் அதற்கு இணங்காமல் மங்கலாகவே நிற்கிறது. அதோடு இன்னும் சண்டை ஓடுகிறது.

ஆனால் எழுத்து! ணகரத்தின் சுழிகளைத் தனித்தனியாக எண்ணலாம். வாங்கப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: 1080 என்றால் 24 இன்ச்சோடு நிறுத்துங்கள். 27-க்கு 1440 போதும், 109 புள்ளி வரும். 32-இல் நாள் முழுக்கத் தமிழ் வாசிக்கிற வேலை என்றால் 4கே. அதே 1440-ஐ 32-இல் வாங்கினால் 92 புள்ளி, அதாவது 24 இன்ச் 1080-இன் அதே நெருக்கம். 43 இன்ச் 4கே எடுத்தால்கூட 102தான், என் பழைய 22 இன்ச்சுக்கு ரெண்டு புள்ளி கூடுதல். கேட்கவே வயிறு எரிகிறதா, இல்லையா?

அந்த 69 புள்ளிச் சனியனைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. புரூஃப் பார்க்க வருகிறவர்களுக்காக, பெஞ்சுக்கு எதிரே ஐந்தடி தள்ளிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அந்தத் தூரத்தில் புள்ளி தனியாகத் தெரியாதாம், எழுத்து வெட்டி வைத்தது போல நிற்கிறது. நேற்று அதே கமிட்டிக்காரர் வந்தார். என் மேசையில் இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு, "கொள்ளாமே, நல்ல தெளிவு. எந்தக் கடையில வாங்குனிய?" என்றார்.

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அவர் கையில் புரூஃபைக் கொடுத்தேன்.