புல்லுதானாம்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை சகலை போட்டிருக்கும் செய்தி: "சான் ஃபெலிபே போனோம். வெறும் புல்லுதான். ஒண்ணுமே இல்லை. டைம் வேஸ்ட்." அதற்குக் கீழே ஈரோட்டிலிருந்து மாமியார்: "அடடா, பெட்ரோல் தண்டமாப் போச்சே மாப்பிள்ளை." மாப்பிள்ளை என்றால் அவர். பெட்ரோல் போட்டது நான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருப்பார், தனியாக அறிமுகம் வேண்டாம். தாஜ்மஹாலுக்குக் கூட்டிப் போனால் "பார்க்கிங் சரியில்லை" என்று சொல்லிவிட்டு வருகிற ஜாதி.

டாலஸிலிருந்து வந்தவர்களை எத்தனை தடவைதான் மாலுக்கே கூட்டிப் போவது என்று, ஐ-10 சாலையில் மேற்கே ஓட்டிக்கொண்டு போனேன். டெக்சாஸில் ஹூஸ்டன் நகரிலிருந்து சான் ஃபெலிபே ஒரு மணி நேரம். பிரசோஸ் ஆற்றங்கரை. பழைய ஊர்த் திடல் பக்கம் நிறுத்தினேன். சகலை கதவைத் திறந்தார். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. ஏசியை அணைக்க விடவில்லை. கருப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டேபிள் ஃபேன் மாதிரி இடமிருந்து வலம் ஒரு சுற்று, வலமிருந்து இடம் ஒரு சுற்று தலையைத் திருப்பினார். அப்புறம் கேட்டார்: "எங்க?"

"இதுதான் சகலை."

"எது?"

"இந்த இடம்தான்."

"இடம் சரி. ஊர் எங்க?"

"இங்க இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா? இப்ப எங்க?"

"எரிஞ்சு போச்சு. அவங்களே கொளுத்திட்டாங்க."

அந்த இன்னொரு கால் அப்போதுதான் தரைக்கு வந்தது. இறங்கியதும் பின்சீட்டைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "எரிஞ்சு போன ஊரைப் பார்க்கவா ரெண்டு குடும்பத்தையும் இழுத்துட்டு வந்தீங்க?" குழந்தைகள் உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மனைவியும்தான்.

ஆமாம் ஐயா, அதைப் பார்க்கத்தான்! டெக்சாஸ் மெக்சிகோவிடம் இருந்த காலத்தில் அமெரிக்கர்களைக் கூட்டிவந்து குடியமர்த்திய ஸ்டீபன் ஆஸ்டின், 1823-ல் தன் குடியேற்றத்துக்குத் தலைநகராகத் தேர்ந்தெடுத்த இடம். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் டெக்சாஸில் சான் அன்டோனியோவுக்கு அடுத்த வணிக ஊராக வளர்ந்தது. அப்புறம் மெக்சிகோவை எதிர்த்துக் கிளர்ச்சி. 1836 மார்ச் 6-ல் கிளர்ச்சிக்காரர்கள் கையிலிருந்த அலாமோ கோட்டை விழுந்தது. மெக்சிகோ படையோடு அதன் தலைவர் சாண்டா அனா இந்தப் பக்கம் வருகிறார் என்றதும், மார்ச் 29 ராத்திரி, ஒரு மூட்டை தானியம்கூட எதிரிக்குக் கிடைக்கக் கூடாதென்று சொந்த ஊருக்கே தீ வைத்தார்கள். மோஸ்லி பேக்கர் என்ற படைத்தலைவர் "ஹூஸ்டன் உத்தரவு போட்டார்" என்றார். அந்த ஹூஸ்டனோ, அதாவது டெக்சாஸ் படையின் தளபதி சாம் ஹூஸ்டன், "நான் போடவே இல்லை" என்றார். கட்டின வீட்டை விட்டுவிட்டு, மழையிலும் சேற்றிலும் பிள்ளைகுட்டிகளோடு சனங்கள் கிழக்கே ஓடினார்கள். அதனால்தான் அங்கே புல். எல்லாம் அப்படியே நின்றிருந்தால் இந்தக் கதையே கிடையாதே!

இதை அவரிடம் சொன்னேனா? சொன்னேன். "ம்" என்றார்.

சரி, பார்க்கிற மாதிரி எதையாவது காட்டுவோம் என்று பழைய பாணியில் கட்டி வைத்திருக்கும் மரவீட்டுக்குக் கூட்டிப் போனேன். இரண்டு அறை, நடுவே காற்று வர திறந்த நடை. மரக்கட்டைகளுக்கு இடையில் பூசியிருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது புதுசா இருக்கே, ஒரிஜினல் எங்க?" என்றார். இப்போதுதானே சொன்னேன், எரித்துவிட்டார்கள் என்று! பழசு இல்லையென்று ஒரு குறை, இருப்பது புதுசு என்று ஒரு குறை. ஆஸ்டினின் வெண்கலச் சிலையைப் பார்த்து "லிங்கனா?" என்று கேட்டதை நான் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரே ஒரு விஷயம் அவரைத் தொட்டது. கால்நடை வளர்க்கிற குடும்பத்துக்கு அன்று 4,428 ஏக்கர் கொடுத்தார்கள் என்றேன். முகம் மாறிவிட்டது. "அப்பவே வந்திருக்கணும் சகலை" என்றார். அந்த நிலத்தில் பாடுபட்டது யார் என்று கேளுங்கள், 1825 கணக்கெடுப்பில் ஆஸ்டின் குடியேற்றத்தில் இருந்த சுமார் 1,800 பேரில் 443 பேர் அடிமைகள் என்று சொன்னேன். பதில் இல்லை. மனிதர் யோசிக்கிறாரே என்று திரும்பிப் பார்த்தால், அந்தப் பகுதியில் ஏக்கர் என்ன விலை என்று போனில் தேடிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் மரத்தடியில் சாப்பாடு. மனைவியின் அக்கா டப்பாப் பால் ஊற்றிச் சேமியா பாயசம் செய்து கொண்டுவந்திருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. 1856-ல் இந்தக் கெட்டிப் பாலுக்குக் காப்புரிமை வாங்கிய கெயில் போர்டன் இதே ஊரில்தான் பத்திரிகை நடத்தினார், அலாமோவிலிருந்து அந்தக் கோட்டைத் தளபதி டிராவிஸ் எழுதிய "வெற்றி அல்லது மரணம்" கடிதத்தை அச்சடித்து ஊருக்குச் சொன்னதும் அவருடைய அச்சகம்தான் என்று ஆரம்பித்தேன். நாம் கையில் வைத்திருக்கும் பாயசத்துக்கும் நாம் உட்கார்ந்திருக்கும் மண்ணுக்கும் இதைவிட நேரான தொடர்பு வேறென்ன வேண்டும்? சகலை இரண்டாவது கப்பை வழித்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஃபேக்டரியாவது இங்க இருந்தா சுத்திப் பார்த்திருக்கலாம்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொசு வேறு கடித்தது. கிளம்பிவிட்டோம். அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தது ஏசிக்காக. அதிலும் அவர் அதிக நேரம் நின்றது தண்ணீர்க் குழாய் முன்னால்.

இதெல்லாம்கூடப் போகட்டும். மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது என் கறிவேப்பிலைச் செடியிடம் போயிருக்கிறார். குளிர்காலம் பூராவும் கராஜுக்குள் வைத்து, விளக்குப் போட்டு, உறைபனி வந்த ராத்திரியில் போர்வை சுற்றிக் காப்பாற்றிய செடி. இலை பறித்தால் பரவாயில்லை, உச்சிக் கொழுந்தோடு ஒடித்து ஒரு பை நிறைய அடைத்துக்கொண்டு போய்விட்டார். தொட்டியில் குச்சி நிற்கிறது. "எங்க அக்காவுக்குத்தானே" என்கிறாள் இவள். தெருவுக்குத் தெரு இந்தியக் கடை இருக்கிறதே டாலஸில், அங்கே என்ன கறிவேப்பிலையா கிடைக்காது?