பட்டியலை நிரப்பினால் தரம் வந்துவிடாது
விலங்கு ஆய்வுக் கட்டுரைகளில் என்னென்ன விவரங்களைச் சொல்ல வேண்டும் என்று வகுக்கும் அரைவ் (ARRIVE) வழிகாட்டு நெறிகளை அறிவியல் இதழ்கள் ஏற்றுக்கொண்ட பிறகு விலங்கு ஆய்வுகளின் தரப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்று இங்கே வெளியான கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நெறிகள் வந்தது 2010-இல். அப்புறம் பிளாஸ் ஒன் என்ற அறிவியல் இதழுக்கு வந்த ஆய்வுக் கட்டுரைகளைச் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரிடம் மட்டும் அந்த நெறிகளுக்கான சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பித் தரச் சொன்னார்கள். 2019-இல் முடிவு வெளியானது: இரு பகுதிகளிலும் ஒரு கட்டுரைகூட நெறிகளை முழுமையாகப் பின்பற்றவில்லை. கூண்டுக்குள் கைவிட்டு, முதலில் அகப்படும் எலிகளை ஒரு குழுவில் போடுவதை நானே பார்த்திருக்கிறேன். முதலில் அகப்படுவது சோர்ந்த எலியாக இருந்தால், மருந்து கொடுக்கும் முன்பே இரு குழுக்களும் வேறாகிவிடுகின்றன. ஆனால் ஆய்வுக் கட்டுரையில் "சமவாய்ப்பு முறையில் பிரித்தோம்" என்று ஒரே வரிதான் இருக்கும், எப்படிப் பிரித்தார்கள் என்பது இருக்காது. மேலே கருத்து எழுதிய ஒரு வாசகர், எலியும் மனிதனும் வேறு என்பதால்தான் மருந்துகள் மனிதரிடம் தோற்கின்றன என்கிறார். சரி, அதுவும் உண்டு. ஆனால் பக்கவாதத்துக்கான என்எக்ஸ்ஒய்-059 மருந்தைப் பாருங்கள். விலங்குகளில் நம்பிக்கை தந்த அது, பெரிய மனிதச் சோதனையில் பலனளிக்கவில்லை. பிறகு பழைய விலங்கு ஆய்வுகளை அலசியபோது, சமவாய்ப்பு முறை இல்லாத ஆய்வுகளில்தான் பலன் பெரிதாகத் தெரிந்திருந்தது. இதில் எலியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? சோதனையைத் தொடங்கும் முன்பே செயல்திட்டத்தைப் பொதுவில் பதிவு செய்வதை இதழ்கள் கட்டாயமாக்க வேண்டும். அதைப் பற்றி இங்கே வெளியான கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை.