பீரங்கி எட்டிய தூரம்

அறிவியல் புனைகதையில் அரசியல் எதற்கு, ராக்கெட்டும் ரோபோவும் போதாதா என்று அலுத்துக்கொள்பவர்களை ஒருமுறை கடலூருக்குக் கூட்டிவர வேண்டும்.

1690-ல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்களிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும். பல திசைகளிலும் சுட்டார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்துவிட்டது. வயலில் நின்றவர்களை யார் கேட்டார்கள்? குண்டு விழுந்தது, நிலம் கைமாறியது, அவ்வளவுதான். கம்பெனிக்காரர்களைச் செவ்வாய்க் கிரகத்திலிருந்து இறக்கிவிட்டால் நாவல் தயார்.

ஆங்கில எழுத்தாளர் ஹெச்.ஜி. வெல்ஸ் 1898-ல் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலில் செவ்வாய்க்காரர்களை இறக்கியேவிட்டார், அதுவும் லண்டன்காரர்கள் தலையில். செவ்வாய்க்காரர்களைத் திட்டுவதற்கு முன்னால், ஐரோப்பியர்களாகிய நாம் டாஸ்மேனியத் தீவின் பூர்வகுடிகளை எப்படி அழித்தோம் என்று யோசியுங்கள் என முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார். அரசியலை எடுத்துவிட்டால் அந்தக் கதையில் மிஞ்சுவது மூன்று கால் இயந்திரம் மட்டும்தான்.

1905-ல் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் இதழில் வங்காளத்து எழுத்தாளர் ரொக்கேயா ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' கதை இன்னும் துணிச்சல். ஆண்கள் படையைப் பெருக்கிக்கொண்டிருந்த நாளில் பெண்கள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார்கள். மேகத்திலிருந்து நேரே தண்ணீர் எடுக்கிறார்கள். படை தோற்று ஓடிவந்ததும், வெயிலைத் திரட்டி எதிரிமேல் பாய்ச்சி விரட்டுகிறார்கள். அப்புறம் ஆண்கள் வீட்டுக்குள்ளே சமையலும் பிள்ளை வளர்ப்பும்! நம்மூர் இதழில் வந்த இந்தக் கதையை நாம் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இருக்கிறது. ஒரு சர்வாதிகாரி ஆளும் நாடு, இரண்டெழுத்துக்கு மேல் பெயர் கூடாது, பிள்ளை பெற அரசாங்க அனுமதி. எனக்கு ரொம்பப் பிடித்த நாவல். ஆனால் பின்னால் வந்தவர்களில் பலர் அதிலிருந்து சர்வாதிகாரியை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. ஒரு கெட்டவன், அவன் விழுந்ததும் சுபம். சரி, கெட்டவனே இல்லாவிட்டால்? வெல்ஸின் செவ்வாய்க்காரர்களுக்கு நம்மேல் கோபம்கூடக் கிடையாது. அவர்கள் கிரகம் குளிர்ந்துகொண்டிருக்கிறது, நம்முடையது வேண்டும். கம்பெனிக்கும் கணக்குப் புத்தகம்தான் முக்கியம்.

புதுச்சேரி நேரு வீதியில் பைக்கில் சாய்ந்தபடி போனையே பார்த்துக்கொண்டு நிற்கும் டெலிவரி பையன்களைப் பாருங்கள். அடுத்த ஆர்டர் யாருக்கு, எவ்வளவு ரூபாய் என்பதையெல்லாம் ஒரு செயலி முடிவுசெய்கிறது. சண்டை போடலாம் என்றால் எதிரில் ஆள் இல்லை. யாராவது இதை எழுதுங்களேன். ரோபோ வேண்டுமென்றால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.