மருந்தடிக்கும் பெண்ணிடம் யாரும் கேட்டதில்லை

எலனோர் ஓர்மெராட் என்ற பெயரை மலேசியாவில் நம் குளுவாங் பக்கம் எத்தனை பேர் கேட்டிருப்போம்? பூச்சி மருந்து வாடையிலேயே வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் நாம், நமக்கே தெரியாது. இங்கிலாந்துக்காரி. 1828-இல் குளோஸ்டர்ஷயரில் செட்பரி பார்க் என்ற பெரிய பண்ணை வீட்டில் பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். படிப்பெல்லாம் வீட்டோடு சரி. பயிர்ப் பூச்சி ஆராய்ச்சியை அந்த நாட்டில் காலூன்ற வைத்தவர்களில் முன்வரிசை ஆள். மகளிர் தினம் வந்தால் இவர் படத்தைப் போட்டு, முன்னோடி, முதல் பெண் என்று எழுதுகிறார்கள். எழுதட்டும், தப்பில்லை. ஆனால் அவர் செய்த பெரிய காரியம் எது என்பதில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சின்னப் பிள்ளையாக இருக்கும்போது வீட்டில் அவரைச் சும்மா உட்கார வைக்க ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர்ப் பூச்சிகளைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அடிபட்ட ஒரு பூச்சியை மற்றது பிய்த்துத் தின்றதைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னால் பெரியவர்கள் யாரும் நம்பவில்லை, நீ பார்த்தது தப்பு என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஒரு சங்கதியை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

1868-இல் அங்கே அரச தோட்டக்கலைச் சங்கம் நல்ல பூச்சி, கெட்ட பூச்சி எல்லாவற்றையும் சேகரிக்க ஆரம்பித்தது. ஓர்மெராட் என்ன செய்தார்? அப்பாவின் பண்ணையில் வேலை செய்தவர்களிடம் சொல்லி வைத்தார். மண் வெட்டுகிறவர், வேலி கட்டுகிறவர், மாடு பார்க்கிறவர் என்று ஆளாளுக்குக் கையில் அகப்பட்டதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1870-இல் ஃபுளோரா பதக்கம் கிடைத்தது. யாருக்கு என்று கேட்க வேண்டாம், எஜமான் மகளுக்குத்தான்!

ஆனாலும் அந்த வழக்கத்தை அவர் விடவில்லை. அப்பா 1873-இல் இறந்த பிறகு, 1877-இல் ஒரு சின்னத் துண்டுப் பிரசுரம் போட்டார். உங்கள் வயலில் எந்தப் பூச்சி வந்தது, எப்போது வந்தது, எதைத் தின்றது, அப்போது மழையா வெயிலா, எனக்கு எழுதுங்கள் என்று. விவசாயிகளும் தோட்டக்காரர்களும் எழுதினார்கள், சிலர் பூச்சியையே தபாலில் அனுப்பினார்கள். வந்ததையெல்லாம் ஒழுங்குபடுத்தி, இன்னார் இந்த ஊரிலிருந்து சொன்னது என்று பெயரோடு ஆண்டறிக்கையாக அச்சடித்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இது நடந்தது. கூடவே இருந்த அக்கா ஜார்ஜியானா படம் வரைந்து கொடுத்தார். 1882-லிருந்து பத்து வருடம் அரச வேளாண் சங்கத்துக்குப் பூச்சி ஆலோசகர், சம்பளம் கிடையாது. வீட்டில் வசதி இருந்ததால் முடிந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. குளத்துப் பல்லி மாதிரி ஒன்று, அதன் தோலில் விஷம் ஊறுமா என்று பார்க்க, உயிரோடு எடுத்துத் தன் பல்லுக்கிடையில் வைத்து அழுத்தினார். பல் மரத்து, தொண்டை எரிந்து, வாயில் நுரை தள்ளி, வாய் மட்டும் வெட்டி இழுத்து, பிறகு சில மணி நேரம் தலைவலி. அதையும் வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறார். 1900-இல் எடின்பரோ பல்கலைக்கழகம் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, அது இவருக்குத்தான். அடுத்த வருடமே இறந்துவிட்டார்.

சரி, இவ்வளவு புகழ்கிறாயே, குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பழத்தோட்டப் புழுக்களுக்கு பாரிஸ் கிரீன் அடிக்கச் சொல்லி ஊரெல்லாம் பிரசாரம் செய்தவர் இவர். பாரிஸ் கிரீன் என்றால் செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த பச்சைத் தூள், அசல் நஞ்சு. தன் நினைவாக ஏதாவது எழுதுவதென்றால் இங்கிலாந்துக்கு பாரிஸ் கிரீனைக் கொண்டுவந்தவள் என்று எழுதலாம் என்றே சொன்னார். தெளிப்பவர் கை என்னாகும், மூச்சு என்னாகும் என்பது அந்தக் காலத்தில் பெரிய பேச்சாகவே இல்லை. சிட்டுக்குருவியையும் ஒழிக்க வேண்டும் என்று கொடி பிடித்தார், அது தனிக் கதை.

அவர் பெருமைப்பட்டது மருந்துக்காக. அவரால் நிஜமாகவே பயன் வந்தது அந்தக் கடிதங்களால். நமக்கோ மருந்து மட்டும் கப்பலேறி வந்தது, கேட்டு எழுதும் பழக்கம் வரவில்லை. என் வயிற்றெரிச்சல் இதுதான்.

என் அம்மா இளம் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மருந்தடித்தவர். விடியற்காலையில் பிரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் பம்பை முதுகில் மாட்டினால் மதியம் வரை இறக்க முடியாது. நகம் கறுத்துப் பிளந்திருக்கும், மூக்கில் ரத்தம் வந்த நாளும் உண்டு. பைப்புழு தெரியும்தானே? இலைத் துணுக்குகளை நூலால் ஒட்டிப் பை கட்டி, அதற்குள்ளேயே இருந்துகொண்டு ஓலைக்கு அடியில் தொங்கும். சுரண்டித் தின்றே ஓலையைத் தீயில் வாட்டின மாதிரி ஆக்கிவிடும். பெட்டைக்கு இறக்கையே கிடையாது, பைக்குள்ளேயே முட்டையிட்டு அங்கேயே சாகும். கன்று மரத்தில் இதெல்லாம் மருந்தடிப்பவர் முகத்துக்கு நேரே நடக்கும். சில வரிசைகளில் பைகளில் ஊசி குத்தின மாதிரி பொடி ஓட்டை இருக்கும், உள்ளே புழு செத்துக் கிடக்கும். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் அம்மா சொல்லியிருக்கிறார்: “மண்டோரே, இந்த வரிசையில பையெல்லாம் ஓட்டை விழுந்து கெடக்கு, இதுக்கு எதுக்கு மருந்து?” வந்த பதில்: “அதெல்லாம் ஒனக்கு எதுக்கு, பம்ப தூக்கு.”

அந்த ஓட்டை குட்டிக் குளவிகள் வெளியேறிய வழி. புழுவுக்குள் முட்டையிட்டு அதையே தின்று வளரும் குளவிகள். 1950-களின் கடைசியிலும் 60-களிலும் மலாயாத் தோட்டங்களில் டி.டி.டி., டீல்ட்ரின் மாதிரி மருந்துகளை அள்ளி அடித்தபோது பைப்புழு குறையவில்லை, பெருகியது, ஏனென்றால் முதலில் செத்தது இந்தக் குளவிகள். பிரையன் உட் என்ற பூச்சியியலாளர் இதை ஆராய்ந்து காட்டி, 1968-இல் புத்தகமாகவே போட்டார். இன்று தோட்டத்துச் சாலையோரம் காலையில் விரியும் எட்டு மணிப் பூச்செடி வரிசையாக நிற்கிறதே, அது அழகுக்கு வைத்ததில்லை, அந்தக் குளவிக்குத் தேன் வேண்டும் என்று வைத்தது. அம்மாவுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது, ஆனால் ஓட்டையைப் பார்த்தவர் அவர். எந்த நோட்டிலும் அது ஏறவில்லை.

படிக்காத கூலிப் பெண் சொன்னதால்தான் எடுபடவில்லை என்று நினைக்க வேண்டாம். லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்டத் துரை ஆப்பிரிக்காவின் கேமரூனில் செம்பனைப் பூவில் பூச்சி மொய்ப்பதைப் பார்த்தவர். மலாயாவுக்கு வந்து, இங்கே அந்தப் பூச்சி இல்லையே என்று கேட்டால், செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது, போய் வேலையைப் பார் என்கிற தோரணையில் பதில். அவர் பெரிய பதவிக்கு வந்த பிறகுதான் ரஹ்மான் சையது என்ற பாகிஸ்தான் பூச்சியியலாளரை வைத்து ஆராய முடிந்தது. 1981-இல் மகரந்தம் சேர்க்கும் அந்தக் கூன்வண்டை நாட்டில் முதன்முதலாக விட்டது நம்ம குளுவாங் தோட்டங்களில்தான். அதுவரை பூப் பூவாக மகரந்தத் தூளை அடித்துக்கொண்டிருந்தது நம் தோட்டத்து ஆட்கள். ஒரு துரைக்கே இத்தனை வருடம் என்றால் பம்பு தூக்குகிறவளுக்கு எத்தனை?

பாராகுவாட் களைமருந்துக்கு இந்த நாட்டில் 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020-இல்தான் முழுசாக நிறுத்தினார்கள். இந்த இழுபறியிலும் அடித்தவர்களின் பேச்சு எத்தனை கூட்ட அறைகளுக்குள் போயிருக்கும்?

இப்போது ஓலை வெட்டுவதும் மருந்தடிப்பதும் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும். பைப்புழுக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது, ஓலையை வெட்டி இறக்கிப் புழுவை எண்ணுகிறார்கள். நான் பார்த்த தாள்களில் எண்ணிக்கை எழுத மட்டும்தான் இடம். தோட்டங்களில் உதவி மேனேஜராகவும் கணக்கெழுதும் கிராணியாகவும் இருக்கும் நம் பிள்ளைகள் இதைப் படித்தால் ஒன்று செய்யலாம்: அந்தத் தாளின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, வெட்டினவர் என்ன பார்த்தார் என்று கேட்டு, அவர் பெயரோடு எழுதி வையுங்கள். மலாயில் கேட்டாலே சொல்வார்கள்.