400 வருஷம் வாழ்ந்தவருக்கு 'அய்யோ பாவம்'

குட்டி மனுஷங்களான நோம்களைப் பத்தின 'டேவிட் தி நோம்' கார்ட்டூனோட கடைசிக் காட்சி, அந்த நாற்பது செகண்டு வீடியோவை இனிமே யாரும் எனக்கு அனுப்பாதீங்க. பார்த்தாச்சு. டேவிட்டும் அவர் மனைவி லிசாவும் ஆயுசு முடிஞ்சு மரமா மாறுறாங்க, அவரோட நரி அழுவுது, மேல 'குழந்தைங்க மனசை நாசமாக்கின கார்ட்டூன்'னு தலைப்பு. கீழே 'திடீர்னு சாகடிச்சுட்டாங்க'ன்னு ஆயிரம் பேர் ஆமாம் சாமி.

'டேவிட் தி நோம்' மொத்தம் 26 எபிசோடு. 1985ல ஸ்பெயின்ல பி.ஆர்.பி. நிறுவனம் எடுத்தது. கதை நடக்கும்போது டேவிட்டுக்கு வயசு 399. அந்த உலகத்துல நோம்களுக்கு ஆயுசு சரியா 400. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல வைச்சுப் பாருங்க. ஒண்ணாங்கிளாஸ் கழித்தல் கணக்கு. எங்கேய்யா திடீர்னு சாகடிச்சாங்க?

இந்த அளவு கணக்கெல்லாம் எங்கேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சா இப்படிப் பேச மாட்டீங்க. மூலம் 1976ல வந்த டச்சுப் புத்தகம். எழுதினவர் வில் ஹைகன், தொழில்ல டாக்டர். படம் வரைஞ்சவர் ரீன் போர்ட்ஃப்லீட். அதுல வில்லன், சண்டைன்னு நீளமான கதையே கிடையாது. பறவை, விலங்கு பத்தின கையேடு மாதிரி இருக்கும்: உயரம் 15 செ.மீ., தொப்பியைச் சேர்க்காம. ஆணோட எடை 300 கிராம். பலம் மனுஷனை விட ஏழு மடங்கு. ஒரு டாக்டர் நோயாளியை நிறுத்தி அளந்த மாதிரி. இதை டிவிக்குக் கொண்டுவரணும்னா எபிசோடுக்கு எபிசோடு நம்மைக் கூட்டிக்கிட்டுப் போக ஒரு ஆள் வேணும். அதனாலதான் டேவிட்டும் வைத்தியர். நரி மேல ஏறி அடிபட்ட மிருகத்தைத் தேடிப் போவார். உயிர் எப்படி ஓடுது, எப்படி நிக்குதுன்னு தெரிஞ்ச ஆளு. அவருக்குத் தன் நாள் தெரியாதா?

'சின்னப் பசங்களுக்கு எதுக்குய்யா சாவு'ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயமான கேள்விதான், ஒத்துக்கறேன். மூணு வயசுக் குழந்தைக்குக் கடைசி எபிசோடை மட்டும் தனியா போட்டா பயப்படும். அதையேதான் அந்த வீடியோவும் செய்யுது, பின்னணியில சோகப் பாட்டு வேற. 25 எபிசோடையும் பார்த்த குழந்தை, அவங்க கடைசிப் பயணம் கிளம்பும்போதே புரிஞ்சுக்கும்.

'ஸ்மர்ஃப் காப்பி'ன்னவருக்கு: ஸ்மர்ஃப்ங்கிறது நீல நிறக் குட்டி மனுஷங்க காமிக்ஸ், பெல்ஜியம், 1958. இதோட மூலப் புத்தகம் நெதர்லாந்து. சிவப்புத் தொப்பி போட்ட குட்டி மனுஷங்க ஐரோப்பியக் கிராமத்துக் கதைகள்ல ரெண்டுக்கும் முன்னாடியே உண்டு. போதும்.

பார்க்க ஆசைப்பட்டா ஒண்ணு கவனிங்க. பிளேலிஸ்ட்டுல அடுத்த தொடரையும் சேர்த்துக் கொட்டி வைச்சிருப்பாங்க. அதுல நாயகன் கிளாஸ்ங்கிற நீதிபதி, அன்னப்பறவை மேல வருவார். வரிசை குழம்பிட்டா 'டேவிட் எங்கே'ன்னு குழந்தை கேக்கும், உங்களுக்கும் பதில் தெரியாது. இங்கிலீஷ்ல டேவிட்டுக்குக் குரல் அமெரிக்க நடிகர் டாம் போஸ்லி. அவசரமே இல்லாத தாத்தா குரல். அந்தக் குரலைக்கூட மியூட் பண்ணிட்டுத்தான் நமக்கு அனுப்பியிருக்காங்க!

எனக்கு வலிக்கிறது அதுதான். கூடவே நடந்து வந்த நரி, ரெண்டு மரத்துக்கு முன்னாடி நின்னு அழுவுது. அதைக் கண்ணீரோட பார்க்க வேண்டிய இடத்துல 'கொடூரம்'னு எமோஜி போடறீங்க. முதல் 25ஐயும் பார்த்துட்டு வாங்க. அப்புறம் வேணா சேர்ந்து உக்காந்து அழலாம்.