காபி முத்திரை மோசடியா? பரவும் தகவல் தவறு

"நியாய வணிக முத்திரை வெறும் ஏமாற்று வேலை, காபி விவசாயிக்கு ஒரு பைசா கூடப் போவதில்லை" என்ற வாட்ஸ்அப் செய்தி கும்பகோணம், மயிலாடுதுறைக் குழுக்களில் சுற்றுகிறது. அது உண்மையல்ல. நியாய வணிக (ஃபேர்டிரேட்) முத்திரை என்பது, விவசாயிக்குக் குறைந்தபட்ச விலை தந்து வாங்கிய காபி என்பதைக் காட்டும் பாக்கெட் அடையாளம்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ஆதரவு விலை இருப்பதுபோல இந்த முத்திரைக் காபிக்கும் குறைந்தபட்ச விலை உண்டு. ஆனால் அதைத் தருவது அரசு அல்ல, காபி வாங்கும் வணிகர். கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் காபிக்கு 2023 ஆகஸ்ட் முதல் பவுண்டுக்கு 1.80 டாலர் என அது நிர்ணயிக்கப்பட்டது. சந்தை விலை அதைவிட ஏறினால் சந்தை விலையையே தர வேண்டும். இதற்கு மேல் பவுண்டுக்கு 20 சென்ட் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தனியாகச் சேரும். அதைப் பள்ளிக்கா, உலர்களத்துக்கா, நாற்றுக்கா எதற்குச் செலவிடுவது என்று உறுப்பினர்களே கூடி முடிவெடுக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பல சங்கங்களால் விளைச்சலில் ஒரு பகுதியைத்தான் இந்த விலைக்கு விற்க முடிகிறது. நாம் கொடுக்கும் பணம் முழுவதும் தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதும் இல்லை. அதற்காக எல்லாமே மோசடி என்பது, வெயிலில் பழம் பறிப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

விலை விவரம், இந்த விலையை நிர்ணயிக்கும் ஃபேர்டிரேட் இன்டர்நேஷனல் அமைப்பின் இணையதளத்திலும், சான்று பெற்ற நிறுவனங்களின் பெயர்கள், சோதித்துச் சான்று தரும் ஃப்ளோசெர்ட் நிறுவனத்தின் தளத்திலும் உள்ளன. அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.